இசைக்குறிப்பு மென்பொருளில் இல்லாத கமகக் குறிகளை (ஸ்வரத்தை அசைத்தும் வழுக்கியும் இசைப்பதற்கான குறிகளை) நாமே உருவாக்கிச் சேர்க்க முடியுமா?

முடியும். ஆனால், குறியைப் படமாக வரைந்து ஒட்டாதீர்கள், எழுத்துருவாகச் செய்யுங்கள். நீங்களும் என்னைப் போல, வயலின், செல்லோ வாசிப்பவர்களுக்காக ஒரு கீர்த்தனையை மேலை இசை முறைப்படி ஐந்து கோடுகளில் எழுதத் தொடங்கியிருப்பீர்கள் என்று எண்ணிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

கமகத்துக்குக் குறி எதற்கு, காதால் கேட்டுப் பாடம் செய்தால் போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். 1904இல் எட்டயபுரத்தில் அச்சான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யிலேயே சுப்பராம தீட்சிதர் ஸ்வரத்தை அசைக்கும் கம்பிதத்துக்கு அலைக்கோடும், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாருவுக்குச் சாய்கோடும் இட்டிருக்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன், சிங்கப்பூரில் ஒரு சமூக மன்ற நிகழ்ச்சிக்காக, வீணையோடு மேலை வாத்தியங்களும் சேரும்படி தோடி ராகத்தில் ஒரு கீர்த்தனையை எழுதினேன். கம்பிதத்துக்காக வரைந்த அலைக்கோட்டைப் படமாக்கி, காந்தார ஸ்வரம் வந்த இடங்களில் எல்லாம் ஒட்டினேன். ஒத்திகைக்கு முந்தைய இரவு முன்னிசையில் இரண்டு ஆவர்த்தனங்கள் (தாளச் சுற்றுகள்) கூட்டியபோது ஸ்வரங்கள் நகர்ந்தன. பக்கத்தோடு ஒட்டப்பட்டிருந்த படங்கள் நகரவில்லை. மறுநாள், எழுதியதை எழுதியபடியே வாசிக்கும் வயலின்காரர், தோடியில் அசையாமல் நிற்க வேண்டிய பஞ்சமத்தை நடுநடுங்க வைத்தார். அது என் பிழை. ஆனால், குறிகளின் விளக்கப் பக்கத்தைக் காகிதம் மிச்சம் என்று நகலெடுக்காமல் விட்டது ஏற்பாட்டாளரின் பிழை. அலைக்கோட்டைக் கண்ட செல்லோக்காரர் தம் வழக்கப்படி, அடுத்தடுத்த இரு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி இசைக்கும் டிரில் வாசித்ததற்கு அவரை எப்படிக் குறை சொல்வது?

அதன்பின் ஃபான்ட்ஃபோர்ஜ் என்னும் இலவச மென்பொருளில் குறிகளை வரைந்து, யூனிகோடில் அவரவர் சொந்தக் குறிகளுக்கென ஒதுக்கிய தனிப்பயன் பகுதியில் அமர்த்தினேன். ஸ்மூஃபிள் என்னும் இசை எழுத்துரு விதிப்படி ஐந்து கோடுகளுக்கு இடைப்பட்ட நான்கு இடைவெளிகளும் சேர்ந்ததே எழுத்தின் முழு அளவு. அந்த அளவை 1000 அலகாக வைத்தால் ஓர் இடைவெளி 250 அலகு. இந்தக் கணக்கு தெரியாமல் நான் முதலில் வரைந்த அலைக்கோடு, ஸ்வரத்தையே மறைக்கும் அளவுக்குப் பெருத்திருந்தது. எழுத்துருவை நிறுவியபின், குறியை உரையாகத் தட்டெழுதி உரிய ஸ்வரத்தில் இணைத்தால், ஆவர்த்தனம் கூடினாலும் குறைந்தாலும் அது கூடவே நகரும்.

இப்படிச் செய்த குறியைக் கணினி ஒலித்துக் காட்டாது. அதன் தோடியில் காந்தாரம் அசையாமல்தான் நிற்கும். கோப்பைப் பிறருக்கு அனுப்பும்போது எழுத்துருவைப் பொதித்த பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள். இல்லையேல் அவர்கள் திரையில் கம்பிதம் வெறும் கட்டமாகத் தெரியும். விளக்கப் பக்கத்தை நான் இப்போது தனித்தாளாக வைப்பதில்லை, முதல் பக்கத்தின் அடியிலேயே அச்சிட்டுவிடுகிறேன்.