ஆறு நெருக்குகிறது, ஏழு கழல்கிறது: எந்த நம்பர் ஷூ வாங்குவது?

கேள்வி: ஜவுளிக்கடையில் விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 43. காலையிலிருந்து இரவு வரை நின்றே ஆகவேண்டும். யூனிஃபார்முக்குக் கருப்பு பெல்லி ஷூ கட்டாயம். கடைக்குச் சப்ளை செய்யும் ஏஜென்ட் கொண்டுவருவதைத்தான் இதுவரை போட்டேன். 6ஆம் நம்பர் சுண்டுவிரலை நசுக்கிக் கால் ஆணி வந்துவிட்டது. 7 போட்டால் குதிகால் கழன்று வருகிறது. 'போடப் போடச் சரியாயிடும்' என்கிறார் ஏஜென்ட். இப்போது வெளியில் வாங்கிக்கொள்ள அனுமதி தந்திருக்கிறார்கள். எந்த நம்பர் வாங்கட்டும்? சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன்.
- வாசகி, மதுரை

பதில்: உங்கள் நம்பர் 6தான். உங்களுக்குப் போதாதது அகலம். ஷூவில் போட்டிருக்கும் நம்பர் நீளத்தை மட்டும்தான் சொல்லும். 6லிருந்து 7க்குப் போனால் நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும். முன்பாதத்தின் அகலமோ ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான் கூடும். சுண்டுவிரலுக்கு 2 மில்லிமீட்டர் இடம் கிடைக்க, குதிகாலுக்குப் பின்னால் வெற்றிடம் விட்டிருக்கிறீர்கள். ஷூ கழலாமல் இருக்க விரல்களை உள்ளே மடக்கிப் பிடித்துக்கொண்டே நடப்பீர்கள். ஒரு நாள் முழுக்க அப்படி நடந்தால் விரல் மூட்டுகளின் மேலும் ஆணி வரும்.

'போடப் போடச் சரியாயிடும்' என்பதை நம்பவே நம்பாதீர்கள். அசல் தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும், நீளத்தில் இளகாது. ஏஜென்ட்கள் மொத்தமாகக் கொண்டுவரும் பெல்லி ஷூக்கள் பெரும்பாலும் ரெக்ஸின். அது இளகாது, ஒருநாள் மடிப்பில் வெடிக்கும். மொத்தத்தில் 5, 6, 7 என்று மூன்று நம்பரை மூட்டையாக இறக்கிவிட்டுப் போகிறவருக்கு உங்கள் சுண்டுவிரலைப் பற்றி என்ன கவலை?

அடுத்து விற்க வருவது குதிகாலில் ஒட்டும் ஜெல் பட்டை. அது பாதத்தை முன்னால் தள்ளும். நெருக்குகிற இடத்தில் இன்னும் நெருக்கும். பணம் வீண்.

பெல்லி ஷூவின் அமைப்பே நாள் முழுக்க நிற்பதற்கு ஆகாது. மேல்பாதத்தைப் பிடிக்க அதில் எதுவும் இல்லை. விரல் நுனியும் குதிகால் விளிம்பும்தான் அதைத் தாங்குகின்றன. அதனால்தான் இறுக்கமாகவே விற்கிறார்கள். உங்களுக்குத் தேவை மேல்பாதத்தின் குறுக்கே வார் போட்ட, முன்பக்கம் உருண்டையான மேரி ஜேன் மாதிரி. வார் பிடித்துக்கொள்வதால் முன்பக்கம் தாராளமாக இருந்தாலும் கழலாது. கூர்முனை மாடல் வேண்டாம். அடி ஒரேயடியாகத் தட்டையாகவும் இருக்கக்கூடாது. இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் அகலமான ஹீல் போதும்.

இதைத் தேட ஃபேன்சி கடைக்குப் போகவேண்டாம். பெண் பிள்ளைகளுக்கான கருப்பு ஸ்கூல் ஷூவைப் பாருங்கள். உருண்டை முகம், வெல்க்ரோ வார், தட்டையும் உயரமும் இல்லாத அடி, எல்லாம் அதில் உண்டு. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பெரிய நம்பர்களும் வரும். பள்ளி திறக்கும் பருவத்தில் எல்லா அளவும் கிடைக்கும். யூனிஃபார்மோடு பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

வாங்கும் முன் காலை அளந்துகொள்ளுங்கள். காலையில் அளக்கக்கூடாது. வேலை முடிந்து வந்ததும், பாதம் வீங்கியிருக்கும்போதே அளக்கவேண்டும். சுவரை ஒட்டித் தரையில் காகிதத்தை வைத்து, குதிகால் சுவரைத் தொட, இரண்டு காலிலும் சம பாரம் கொடுத்து நில்லுங்கள். குனிந்தால் பாரம் மாறிவிடும் என்பதால் வேறு யாராவது பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையட்டும். இரண்டு காலையும் வரையுங்கள், பெரிய கால்தான் கணக்கு. வரைந்ததைக் கத்தரித்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஷூவைக் கவிழ்த்து அடியில் வைத்துப் பாருங்கள். காகிதம் அடிப்பாகத்தைவிட வெளியே வந்தால் அந்த ஷூவைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

காகிதம் அடங்கினால் போட்டு எழுந்து நில்லுங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடம் இருக்கவேண்டும். சிலருக்கு இரண்டாம் விரல்தான் நீளம், அதைப் பாருங்கள். பிறகு ஷூவைக் கழற்றி வளையுங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடியவேண்டும். நடுவில் மடிந்தாலோ, ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்க வந்தாலோ வைத்துவிடுங்கள்.

'ஆம்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், அசல் லெதர்' என்று விற்பதிலும் கவனம் தேவை. ஆம்பூரில் தரமாகத்தான் செய்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஏற்றுமதிக்குப் போகும் ஷூ வெளிநாட்டுக்காரர் கொடுத்த லாஸ்ட்டில், அவர்கள் ஊர்க் கால் அச்சில் உருவாவது. வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த நம் பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். அந்த அச்சில் அடங்காது. போதாததற்கு, கழித்துக்கட்டிய சரக்கில் இடதும் வலதும் வேறு வேறு நம்பராகக்கூட இருக்கும். உள்ளே போட்டிருக்கும் நம்பரை இரண்டிலும் பாருங்கள்.

நம் கால் அகலம் என்பது யாருக்கும் தெரியாத விஷயமில்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியப் பாதம் மேலைநாட்டுப் பாதத்தைவிட அகலம் என்று அதில் தெரிந்தது. 'பா' (பாரத் என்பதன் சுருக்கம்) என்ற பெயரில் இந்திய அளவுமுறையும் முன்வைக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் கடையில் போய் அகலம் கேட்டால் விற்பவர் விழிக்கிறார். இன்னொரு கோபமும் உண்டு. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. நின்றே ஆகவேண்டும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எந்த ஷூவும் நாற்காலிக்கு ஈடாகாது. அது உங்கள் உரிமை, கேளுங்கள்.

இனி, கடைசி வரியில் போகிறபோக்கில் நீங்கள் எழுதிய சர்க்கரை. மேலே சொன்ன அனைத்தும் காலில் உணர்வு சரியாக இருப்பவருக்குத்தான் பொருந்தும். சர்க்கரையால் உணர்வு மரத்துப்போனவர் கடையில் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவே முடியாது. சரியான அளவு காலில் படுவதே தெரியாததால், இறுக்கிப் பிடிப்பதையே 'சரியாக இருக்கிறது' என்று வாங்கிவிடுவார். கொப்புளம் வந்தாலும் வலிக்காது, புண்ணான பிறகுதான் கண்ணில் படும். ஆகவே முதலில் அரசு மருத்துவமனையிலோ உங்கள் மருத்துவரிடமோ பாத உணர்வுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அழுத்திப் பார்ப்பார்கள். சில நிமிடம்தான் ஆகும், வலிக்காது.

உணர்வு குறைந்திருந்தால் ஸ்கூல் ஷூவை மறந்துவிட்டு, மருத்துவர் சொல்லும் இடத்தில் எம்.சி.ஆர் (நுண்துளை ரப்பர்) அடிவைத்த, பின்வார் உள்ள காலணியை அளவெடுத்துச் செய்துகொள்ளுங்கள். நடைபாதையில் 'டாக்டர் செப்பல்', 'எம்.சி.ஆர்' என்று கூவி விற்பது பெரும்பாலும் வெறும் ஃபோம். சில வாரத்தில் அமுங்கித் தட்டையாகிவிடும். முள்முள்ளாகப் புடைத்த அக்குபிரஷர் செருப்பு மரத்த காலுக்கு ஆபத்து. இரும்பு ஆணி அடித்துப் பொருத்திய அடியும் வேண்டாம்.

உணர்வு சரியாக இருந்தாலும் புது ஷூவை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். எங்காவது சிவந்து, அரை மணி நேரமாகியும் மறையாவிட்டால் அந்த ஷூ வேண்டாம். அதனால் வாங்கும்போதே பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, மாற்றித் தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

சுண்டுவிரலில் இருக்கும் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் கார்ன் கேப்பும் ஒட்டாதீர்கள். அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் ஆணியோடு நிற்காமல் சுற்றியுள்ள நல்ல தோலையும் அரிக்கும், சர்க்கரை உள்ளவருக்கு அந்தப் புண் ஆறுவது கடினம். நெருக்கும் ஷூ போனால் ஆணி தானாகக் குறையத் தொடங்கும். மிச்சத்தை மருத்துவர் எடுத்துவிடட்டும்.