கல்லில் இருந்தால் உண்மையா?

கேள்வி: கல்வெட்டிலேயே பொறித்திருக்கும்போது, வரலாற்றாசிரியர்கள் எதற்காகச் சந்தேகப்படுகிறார்கள்?

பதில்: கல்லில் செதுக்கச் செலவாகும். செலவு செய்தவர் யார் என்பதுதான் முதல் கேள்வி! கி.மு. 1274 வாக்கில் நடந்த காதேஷ் போரில் தனியாளாக நின்று எதிரியை விரட்டியதாக எகிப்திய மன்னர் இரண்டாம் ராம்சேஸ் கோயில் சுவரெல்லாம் எழுதிவைத்தார். எதிர்த்தரப்பான ஹிட்டைட்டுகளின் களிமண் பலகைகள் பின்னால் கிடைத்தன. அவற்றில் வெற்றி அவர்களுக்கு! காதேஷ் நகரமும் அவர்கள் கையில்தான் இருந்தது.

என்னைக் கேட்டால், பின்னால் யாரோ படிப்பார்கள் என்று நினைக்காமல் எழுதியவற்றையே அதிகம் நம்புவேன். ஈராக்கில் 'ஊர்' (Ur) என்ற பெயர்கொண்ட பழங்கால நகரில் கிடைத்த ஒரு களிமண் கடிதம், இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயது சுமார் 3,750 ஆண்டுகள். உள்ளங்கையில் அடங்கும் அளவு. நன்னி என்பவர் ஏயா-நாசிர் என்ற வியாபாரிக்கு எழுதியது. மட்டமான செம்பைக் காட்டி, 'வேண்டுமானால் எடு, இல்லாவிட்டால் போ' என்று என் ஆளை அவமதித்தாயே என்று பொரிந்து தள்ளுகிறார். செம்பு வணிகம், முன்பணம், தூதாள் என்று அன்றைய கடைவீதியே அந்தக் கோபத்துக்குள் இருக்கிறது.

சரி, நன்னி சொன்னது மட்டும் வேதவாக்கா? அதுவும் ஒருதலைப்பட்சம்தான். ஆனால் ஏயா-நாசிருடையது என்று கருதப்படும் வீட்டில் வேறு சிலரின் புகார்க் கடிதங்களும் கிடைத்திருக்கின்றன. மனிதர் சிக்கிக்கொண்டார்!