விலை குறைந்த நகல் மெஷின் விற்கலாம். ஆனால் அசல் கம்பெனியின் பெயரில் விற்கக் கூடாது

கேள்வி: கோவையில் பவர் டூல்ஸ் கடை நடத்துகிறேன். இரண்டு மரத்துண்டிலும் ஓவல் குழி எடுத்து, நடுவில் தனிக் கட்டை செருகி ஒட்டும் ஜாயின்ட்டர் மெஷினைச் சீனாவிலிருந்து இறக்குமதி செய்து, அசல் விலையில் கால் பங்குக்குத் தருகிறேன். அசல் கம்பெனி பேடன்ட், டிசைன், டிரேட்மார்க் மூன்றையும் மீறியதாக நோட்டீஸ் அனுப்பி, 15 நாளில் உறுதிமொழிப் பத்திரம் கேட்கிறது. அவர்கள் விலைக்கு எந்த ஆசாரியால் வாங்க முடியும்? ஆன்லைனில் எத்தனையோ பேர் விற்கிறார்களே, நான் மட்டும் என்ன தப்பு செய்தேன்?

பதில்: அவர்கள் விலை நியாயமா, வேறு யார் விற்கிறார்கள் என்பதெல்லாம் வழக்கில் எடுபடாது. ஒன்றை மட்டும் பாருங்கள்: நோட்டீஸில் இந்தியப் பேடன்ட் எண் இருக்கிறதா, அது இன்றைக்கு அமலில் இருக்கிறதா?

பேடன்டின் ஆயுள் மனு தாக்கல் செய்த நாளிலிருந்து 20 ஆண்டு. கட்டர் சுழன்றபடியே பக்கவாட்டில் ஊசலாடும் இந்த வகை மெஷின் சந்தைக்கு வந்தது 2000-களின் நடுவில். மனு அதற்கு முன்பே போயிருக்கும் என்பதால் அடிப்படை நுட்பத்துக்கான காலம் முடிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆழம் வைக்கும் லீவர், சாய்வு ஃபென்ஸ் போன்றவற்றுக்குப் பின்னால் தனிப் பேடன்ட் எடுத்திருக்கலாம். எண்ணைக் கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள். வெளிநாட்டுப் பேடன்ட் இங்கே செல்லாது. இந்தியப் பேடன்ட் உயிரோடு இருந்தால், தயாரித்தவர் சீனாக்காரர் என்று தப்ப முடியாது. பிரிவு 48-ன்படி இறக்குமதியே மீறல். வெளித்தோற்றத்துக்கான டிசைன் பதிவு அதிகபட்சம் 15 ஆண்டு.

உங்களுக்கு உண்மையான ஆபத்து பெயரும் நிறமும். நீங்கள் அனுப்பிய லிஸ்டிங் படத்தில் தலைப்பின் முதல் சொல்லே அவர்களுடைய மெஷின் பெயர். பாடியும் அதே நிறம், பெட்டியும் அதே நிறம். பேடன்ட் செத்தாலும் டிரேட்மார்க் சாகாது, 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். டிரேட்மார்க் சட்டப் பிரிவு 134-ன்படி அவர்கள் தொழில் நடத்தும் ஊரிலேயே வழக்குப் போடலாம். நீங்கள் ஆன்லைனில் டெல்லிக்கு ஒரு மெஷின் அனுப்பியிருந்தாலே டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு இழுக்கப் பார்ப்பார்கள். உங்களைக் கேட்காமலே இடைக்காலத் தடை வாங்கி, கோர்ட் நியமிக்கும் கமிஷனர் குடோனுக்கு வந்து ஸ்டாக்குக்குச் சீல் வைத்து, கணக்குப் புத்தகத்தை நகல் எடுத்துக்கொண்டு போவார். நோட்டீஸ் கிடைத்தவுடனேயே, ‘என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்’ என்று சிவில் நடைமுறைச் சட்டம் 148ஏ-ன்படி கேவியட் மனு போடுங்கள். 90 நாள்தான் நிற்கும்.

இதைவிடக் கட்சிக்காரர்கள் அதிகம் விழும் குழி, கோபத்தில் தாங்களே எழுதும் பதில். ‘இரண்டு வருஷமாக இத்தனை மெஷின் விற்றேன், யாரும் கேட்கவில்லை’ என்று எழுதினால், லாபக் கணக்குக் கேட்க அவர்களுக்குத் தேவையான எண்ணிக்கையை நீங்களே கொடுத்ததாகிறது. பேடன்ட் பற்றித் தெரியாமல் விற்றவருக்குப் பிரிவு 111 தரும் பாதுகாப்பும் நோட்டீஸ் வந்த நாளோடு போகிறது. ‘ஒரிஜினல் மாதிரியே’ என்று வாடிக்கையாளருக்குப் போட்ட வாட்ஸ்அப்பும் சாட்சிதான். அதை இப்போது அழிக்காதீர்கள், அழித்தது தெரிந்தால் இன்னும் மோசம்.

அடுத்த குழி அவர்கள் அனுப்பியிருக்கும் பத்திரம். அதில் ‘இதே போன்ற எந்தப் பொருளும்’ என்று ஒரு வரி இருக்கிறது. அப்படியே கையெழுத்துப் போட்டால், சட்டம் அனுமதிக்கும் மெஷினையும் வாழ்நாளுக்கும் விற்க முடியாது. அது கோர்ட்டில் பதிவானால், பிறகு ஒரு மெஷின் விற்றாலும் அவமதிப்பு.

என் யோசனை சமரசம்தான். பெயரையும் நிறத்தையும் விட்டுக்கொடுங்கள், மெஷினை விடாதீர்கள். லிஸ்டிங்கை இன்றே இறக்கி, சொந்தப் பெயர், வேறு நிறம், இறக்குமதியாளர் முகவரி, தயாரான நாடு, எம்ஆர்பி எல்லாம் அச்சிட்ட புதுப் பெட்டியோடு ஏற்றுங்கள். உறுதிமொழியைக் குறிப்பிட்ட மார்க்கோடு மட்டும் நிறுத்துங்கள். பேடன்டுக்கு எண்ணும் கிளெய்மும் (எதற்கு உரிமை கோருகிறார்கள் என்ற பகுதி) கேட்டு வக்கீல் மூலம் நாலு வரியில் பதில் போகட்டும். அமலில் உள்ள எண் வந்தால் அந்த மாடலை நிறுத்திவிட்டுப் பேசுங்கள், சண்டை வேண்டாம்.

தனியாக விற்கும் 5, 6, 8 மி.மீ. கட்டர்களில் ‘இன்ன மெஷினுக்குப் பொருந்தும்’ என்று சிறிய எழுத்தில் போடப் டிரேட்மார்க் சட்டப் பிரிவு 30(2)(டி) இடம் தருகிறது. அவர்கள் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு உங்கள் பெயரை மூலையில் தள்ளினால் அந்தப் பிரிவு காப்பாற்றாது.