வரிசையில் நின்றே விடுமுறை தீர்ந்துவிடுமா?

கேள்வி: ஜூனில் ரோம், பாரீஸ் போகிறோம். எங்கும் கூட்டம் நெரியுமாமே, எப்படிச் சமாளிப்பது?

பதில்: முதலில் கிழமையைப் பாருங்கள். வாடிகன் அருங்காட்சியகத்தில் மாதத்தின் கடைசி ஞாயிறு அனுமதி இலவசம். அந்த ஆசையில் மட்டும் போய்விடாதீர்கள், ஊரே அங்குதான் நிற்கும்! மற்ற ஞாயிறுகளில் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதால் சனி, திங்களிலும் நெரிசல்தான். போப்பாண்டவர் ரோமில் இருந்தால் புதன் காலை புனித பேதுரு சதுக்கத்தில் மக்களைச் சந்திப்பார். அதனால் அன்று அங்குள்ள புனித பேதுரு பேராலயத்தை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ரோமின் பழங்கால அரங்கமான கொலோசியத்தின் டிக்கெட்டில் பெயர் அச்சாகும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியுங்கள். பெயர் மாறியிருந்தால் வாசலிலேயே நிறுத்திவிடலாம். அதே டிக்கெட்டில் பக்கத்திலுள்ள பழைய நகர மையத்தின் இடிபாடுகளான ரோமன் ஃபோரமும் பார்க்கலாம். ‘வரிசையே இல்லை’ என்று கூடுதல் விலைக்கு விற்பதை நம்ப வேண்டாம். டிக்கெட் வாங்கும் வரிசையை மட்டும்தான் தவிர்க்கலாம். பாதுகாப்புச் சோதனை வரிசை எல்லோருக்கும் உண்டு.

பாரீஸில் லூவர் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. புதன், வெள்ளி இரவு 9 மணிவரை திறந்திருக்கும். மாலை 5 மணி வாக்கில் நுழையும்படி நேரம் குறித்த டிக்கெட்டை முன்பே எடுங்கள். திணறுவது மோனாலிசா இருக்கும் தெனோன் பகுதிதான். ரிஷ்லியூ பகுதியை முதலில் பார்த்துவிட்டுக் கடைசியாக அங்கே வாருங்கள். ஆனால் மூடுவதற்கு அரைமணி முன்பே கூடங்களைக் காலி செய்யத் தொடங்கிவிடுவார்கள்.