நின்ற இடத்திலேயே பாருங்கள்: பழைய கார் கேள்வி-பதில்

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் மீண்டும் திறந்தாலும், விலையைக் கேட்டவர்கள் பழைய காரையே பொலிஷ் பண்ணிக்கொண்டு இருந்துவிட்டார்கள். அதனால்தானோ என்னவோ, வரும் கேள்விகளில் ஒரே முறைப்பாடு: ரோட்டில் நிற்கிறது, கராஜுக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக ஓடுகிறது.

அண்ணா, என்னுடையது 1996 கொரோலா 110. காலி வீதி நெரிசலில் முக்கால் மணித்தியாலம் போனால் திடீரென்று ஓஃப். இருபது நிமிடம் ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது. கராஜ் பாஸ் பிளக் மாற்றினார், பெற்றோல் பம்ப் மாற்றினார். இப்போது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டிதான் பிழை என்கிறார். மாற்றவா? (வெள்ளவத்தை)

வேண்டாம், பொறுங்கள். திக்கித் திணறி, இழுவை குறைந்து நின்றால் பெற்றோல் பக்கம் பார்க்க வேண்டும். சுவிட்சை அணைத்ததுபோல் ஒரே வெட்டாக நின்றால் பெரும்பாலும் கரண்ட் பக்கம். உங்களுடையது இரண்டாவது வகை. அந்தக் காலத்து டொயோட்டாக்கள் பலவற்றில் பொறிக்கான உயர் வோல்ட்டைத் தரும் கொயில், அதைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே இருக்கும். சூடேறினால் உள்ளே சுற்று விட்டுப்போகும், ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்ளும்.

கார் லாச்சியில் ஒரு பழைய பிளக்கைப் போட்டு வையுங்கள். அடுத்த தடவை நின்றதும் ஓரங்கட்டி, ஆறுவதற்கு முன்பே ஒரு பிளக் வயரைக் கழற்றி இந்தப் பிளக்கில் மாட்டுங்கள். பிளக்கின் உலோக உடம்பு எஞ்சினில் தொட்டிருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டு, கூட வந்தவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். நீலப் பொறி பாய்ந்தால் பெற்றோலைத் தேடலாம். பொறியே இல்லையென்றால் பம்புக்குக் கொடுத்த காசு போனதுதான். பெற்றோல் மணம் அடித்தால் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம்.

இன்னொன்று. திறப்பை ஓன் பண்ணியதும் பம்ப் சத்தம் வரவில்லை என்று பம்பின் மேல் பழி போடும் பாஸ்மார் இருக்கிறார்கள். அந்த வயது டொயோட்டாக்களில் பெரும்பாலும் எஞ்சின் சுற்றும்போதுதான் பம்ப் ஓடும்.

கராஜில் பிழையை வரவழைக்க, எஞ்சினை ஓடவிட்டு ஹெயார் ட்ரையரால் டிஸ்ட்ரிபியூட்டரைச் சூடாக்கச் சொல்லுங்கள். நின்றால் ஆள் அகப்பட்டது. உதிரிப்பாகம் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய டிஸ்ட்ரிபியூட்டரைக் கையோடு கொண்டுபோய், சொக்கட்டில் பின் எத்தனை என்று ஒப்பிட்டு வாங்குங்கள். சரிவராவிட்டால் மாற்றித் தருவதாகப் பில்லில் எழுதி வாங்குவதும் முக்கியம்.

என்னுடையது நிசான் சன்னி எஃப்பி15. ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் எஞ்சின் நடுங்கி நிற்கிறது. பற்றரி மாற்றிய பிறகு இன்னும் மோசம். (கொட்டாஞ்சேனை)

எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ரொட்டில் வாயில் கரி படிந்திருக்கும். அழுக்கோடு சமாளித்து ஓட கம்ப்யூட்டர் பழகியிருந்தது. பற்றரியைக் கழற்றியதும் அந்தப் பழக்கம் அழிந்துவிட்டது. த்ரொட்டில் கிளீனரால் துடைத்து, ஐடிலை (நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை) திரும்பப் பழக்கும் வேலையையும் ஸ்கேனரில் செய்யச் சொல்லுங்கள். துடைத்ததோடு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். அப்புறம் பிரேக் பூஸ்டருக்குப் போகும் குழாயில் வெடிப்பு இருக்கிறதா, 'ஸ்ஸ்' என்று காற்று இழுக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

புது பற்றரி போட்டும் காலையில் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். சில நாள் ஐந்தாறு தடவை அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது. அப்பாவின் மாருதி 800, வீடு கடற்கரையோரம். (தெஹிவளை)

தங்கச்சி, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு ஸ்டார்ட் அடியுங்கள். வெளிச்சம் சட்டென்று மங்கினால் பற்றரி அல்லது தொடுப்புகள். மங்கவே இல்லையென்றால் பெரும்பாலும் ஸ்டார்ட்டர் மோட்டருக்குக் கரண்ட் விடும் சுவிட்சான சொலினாய்ட். உப்புக் காற்றில் நிற்கும் வண்டி என்பதால் எனக்கு முதல் சந்தேகம் ஏர்த் வயரில்தான். மேலே பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆணியைக் கழற்றினால் அடியில் பச்சையும் கறளும். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸிலும் மற்றதை எஞ்சின் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் அடிக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயர்தான். உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் பூசினால் போதும்.

மொரிஸ் மைனர். கண்டிக்குப் போகும்போது கடுகண்ணாவ ஏற்றத்தில் நின்றுவிடுகிறது. பெற்றோல் குழாயில் உடுப்புக் கிளிப் மாட்டச் சொல்கிறார்கள். (நுகேகொட)

கிளிப்பால் யாருக்கும் பெரிய பலன் கிடைத்ததாக நான் நம்பவில்லை. நின்றதும் திறப்பை ஓனில் வைத்துக் காது கொடுங்கள். உங்கள் எஸ்யு பம்ப் (கரண்டில் ஓடும் பெற்றோல் பம்ப்) விடாமல் படபடவென்று அடித்தால் அது ஆவியையோ காற்றையோ இழுக்கிறது. குழாயில் ஈரத்துணி சுற்றி ஆறவிடுங்கள். பெற்றோல் தாங்கி மூடியைத் திறக்கும்போது காற்றை உறிஞ்சும் சத்தம் வந்தால் மூடியின் துளை அடைத்திருக்கிறது. பம்ப் சத்தமே இல்லையா? ஸ்பேனர் பிடியால் பம்பை மெல்லத் தட்டுங்கள். அடிக்கத் தொடங்கினால் அதன் பொயின்ட் (கரண்டைத் தொட்டு விடும் முனை) தேய்ந்துவிட்டது. பம்ப் ஒழுங்கு, பொறிதான் இல்லை என்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் கண்டென்சரை மாற்றுங்கள். சூட்டில் காலை வாருவது அதற்கு வழக்கம்.

மழை பெய்தால் எஞ்சின் இழுத்து இழுத்து ஓடி நிற்கிறது. (வெல்லம்பிட்டிய)

பிளக் வயர்கள் பழசாகியிருக்கும். இருட்டில் பொனற்றைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது வயர்கள் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கரண்ட் ஒழுகும் இடத்தில் நீலமாக மின்னும். தொட வேண்டாம். ஆனால் உங்கள் பக்கம் வெள்ளம் வரும் பக்கம். வெள்ளத்துக்குள் நின்றால் திரும்ப ஸ்டார்ட் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். தள்ளிக்கொண்டுபோய் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள்.

ஒக்டேன் 95 பெற்றோல் அடித்தால் ஓஃப் ஆவது நிற்குமா? (மருதானை)

நிற்காது. 95, எஞ்சின் 'நொக்' அடிப்பதற்கு (பெற்றோல் முறை தவறி எரிந்து தட்டும் சத்தம்) எதிரானது. கூடக் கொடுக்கும் காசுக்கு ஒரு பெற்றோல் பில்டர் வாங்கிப் போடுங்கள்.