விலை உயர்ந்த ஆடியோ கம்பெனிகள் ஏன் தடுமாறுகின்றன? நம்பி வாங்கலாமா?

கேள்வி: ஒரு சின்ன நிறுவனத்தின் உயர்விலை ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் கேட்டேன், அந்த ஒலி மனதை விட்டுப் போகவில்லை. ஆனால் இந்தத் துறையில் கம்பெனிகள் அடிக்கடி கைமாறுகின்றன, சில மூடியே போகின்றன என்கிறார்கள். இவ்வளவு விலைக்கு விற்றும் ஏன் தாக்குப்பிடிக்க முடியவில்லை? நான் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் கம்பெனி நாளைக்கே இல்லாமல் போனாலும் இந்தப் பெட்டியைப் பழுது பார்க்க முடியுமா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

விலைச்சீட்டைப் பார்த்தால் கொள்ளை லாபம் என்றுதான் தோன்றும். அதில் ஏறக்குறைய பாதி டீலருக்கும் விநியோகஸ்தருக்கும் போய்விடும். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அறை வைத்து, டெமோ செட் வாங்கிப் போட்டு, ஒரே ஆளுக்கு நாலு தடவை கேட்கவைத்து, கடைசியில் அவர் வாங்காமல் போவதையும் தாங்க வேண்டும். மீதிப் பணத்தில்தான் டிரான்ஸ்ஃபார்மர், அளந்து ஜோடி சேர்த்த டிரான்சிஸ்டர்கள், அலுமினியத்தில் கடைந்தெடுத்த பெட்டி, வடிவமைத்த எஞ்சினியரின் சம்பளம் எல்லாம் வர வேண்டும். ஒரு மாடல் மொத்தமே சில நூறுதான் விற்கும் என்றால் அந்தச் செலவு முழுக்க அந்தச் சில நூறு பெட்டிகளின் தலையில்தான் விழும். இதில் இன்னொரு சிக்கல், பெட்டி கடைந்து தருபவர் ஐம்பது போதும் என்றால் செய்யமாட்டார், இருநூறு எடு என்பார், அப்போது ஒன்றுகூட விற்பதற்கு முன்பே பணம் அலமாரியில் போய் உட்கார்ந்துவிடும். ரெண்டு டீலர்கள் பணம் தரத் தாமதித்தால் போதும், அந்த மாதச் சம்பளத்துக்கே தட்டுப்பாடு. கணக்கில் லாபம் காட்டிக்கொண்டே, கையில் காசில்லாமல் மூடும் நிலைமை இப்படித்தான் வருகிறது.

அப்புறம், பொருள் நன்றாக இருப்பதே வியாபாரத்துக்கு இடைஞ்சல். நல்ல ஆம்ப் இருபத்தைந்து வருஷம் சாதாரணமாக ஓடும். வாங்கியவர் திரும்பக் கடைக்கு வருவதில்லை. அமெரிக்க ஆடியோ கம்பெனியான மெக்கின்டாஷ் 1961-இல் கொண்டுவந்த எம்சி275 ஆம்பை இன்றும் தேடி வாங்குகிறார்கள். புதுப் பெட்டிக்குக் கடும் போட்டி அதே கம்பெனியின் பழைய பெட்டிதான். அதனால் பலர் அடிக்கடி மாடலை மாற்றுகிறார்கள், போன மாடலின் மதிப்பு சரிகிறது, ஸ்டாக் வைத்திருக்கும் டீலர் நொந்துபோகிறார். இந்த வழி எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

நிறுவனரைச் சார்ந்திருப்பதும் பெரிய பலவீனம். கென்டக்கியில் இருந்த தீல் ஆடியோவில் ஸ்பீக்கர்களை வடிவமைத்தவர் ஜிம் தீல். 2009-இல் அவர் காலமானார், 2012-இல் கம்பெனி கைமாறியது, புதியவர்கள் அவருடைய வடிவமைப்பு வழியைக் கைவிட்டார்கள், சில வருஷங்களில் கதவு மூடியது. பழைய ஊழியர் ஒருவர் பழுதுபார்க்கும் வேலையைத் தனியாகத் தொடர்ந்ததால்தான் பல ஸ்பீக்கர்கள் பிழைத்தன.

பெரிய முதலாளி வந்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்றால், அதுவும் நிச்சயமில்லை. பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ், மராண்ட்ஸ், டெனான் ஆகிய ஆடியோ பிராண்டுகளை வைத்திருந்த சவுண்ட் யுனைடெட்டை, மருத்துவக் கருவிகள் செய்யும் மாசிமோ 2022-இல் நூறு கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கியது. 2025-இல் 35 கோடி டாலருக்கு இன்னொரு பெரிய ஆடியோ கம்பெனியான ஹர்மனிடம் விற்றுவிட்டது. அதே சமயம், கைமாறினாலே அழிவு என்றும் நினைக்க வேண்டாம். மெக்கின்டாஷ் 1990-இல் கிளாரியனிடம் போனது, பிறகும் பல கைகள் மாறி 2024-இல் போஸிடம் வந்திருக்கிறது, இன்னும் ஆம்ப் செய்துகொண்டுதான் இருக்கிறது.

சரி, உங்கள் விஷயம். சிப்பும் செயலியும் குறைவாக உள்ள பொருளுக்கே அதிகப் பணம் போடுங்கள். சாதாரண அனலாக் ஆம்பில் முதலில் வயதாவது மின்சாரத்தைச் சேமித்துத் தரும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள். சர்க்யூட் படம் கையில் இருந்தால் நல்ல டெக்னீஷியன் எவரும் மாற்றிவிடுவார். இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமரும் டிஜிட்டல் பகுதியும் அப்படியில்லை. 2020 அக்டோபரில் ஜப்பானில் ஏகேஎம் சிப் தொழிற்சாலை தீப்பிடித்ததும், டிஜிட்டல் சிக்னலை அனலாக்காக மாற்றும் அதன் டிஏசி சிப்பை நம்பியிருந்த பல கம்பெனிகள் போர்டையே திரும்ப வடிவமைக்க வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட செலவைச் சின்னக் கம்பெனி எத்தனை தடவை தாங்கும்? ஸ்ட்ரீமரைத் தனிப் பெட்டியாக, விலை குறைந்ததாக வாங்கிக்கொள்ளுங்கள், காலாவதியானால் அதை மட்டும் மாற்றலாம்.

ஸ்பீக்கரில் டிரைவர், அதாவது உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் பாகம், யாருடையது என்று கேளுங்கள். ஸ்கேன்ஸ்பீக், சீயஸ் போன்ற டிரைவர் தயாரிப்பாளர்களின் வழக்கமான மாடல் என்றால் நிம்மதி. கம்பெனிக்காகத் தனியாகச் செய்ததென்றால், உபரியாக ஒரு ஜோடியை இப்போதே விலை பேசி வாங்கி வையுங்கள். கூம்பைச் சுற்றி இருப்பது ஃபோம் என்றால் அது ஒருநாள் பொடிந்து உதிரும், ரப்பர் பொதுவாக நெடுநாள் தாங்கும்.

கம்பெனிக்கே ஒரு மின்னஞ்சல் போட்டு, பதினைந்து வருஷத்துக்கு முந்தைய உங்கள் ஆம்ப் ஒன்று இன்று பழுதானால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பாகங்களின் இருப்பு, சர்வீஸ் மையம் என்று விவரமாகப் பதில் வந்தால் நல்ல அறிகுறி. மழுப்பினாலோ, உடனே புது மாடலுக்கு எக்ஸ்சேஞ்ச் பேசினாலோ நான் விலகிவிடுவேன். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கட்டி மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஏனென்றால் கம்பெனி திவாலானால் முன்பணம் கொடுத்தவர், கம்பெனியிடமிருந்து பணம் வர வேண்டியவர்களின் வரிசையில் பெரும்பாலும் பின்னால்தான் நிற்பார். சிறு தொகை இப்போது, மீதி டீலரிடம் பெட்டி வந்த பிறகு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.