விஸ்லரின் ஐந்தடி

அன்புள்ள ஐயா,

ரஷ்ய ரயில்பாதைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஜார்ஜ் வாஷிங்டன் விஸ்லர் என்ற அமெரிக்கப் பொறியாளரைப் பற்றி இரண்டே வரிகள் வருகின்றன. அவர் முன்னாள் பீரங்கிப்படை அதிகாரி, அதனால்தான் எதிரி நாட்டு ரயில்கள் உள்ளே வர முடியாதபடி ரஷ்யாவுக்கு அகலமான கேஜைப் (இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தை) பரிந்துரைத்தார் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். அது உண்மையா? பீரங்கிப்படையில் இருந்தவருக்கு ரயில்பாதை போடும் வித்தை எப்படிக் கைவந்தது? அந்தப் பாதையைப் போட்டவர்கள் பண்ணையடிமைகள் என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் விஸ்லரைக் கொண்டாடலாமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில்: இல்லை. அந்தக் கதை எனக்கு வருத்தம் தருகிறது. விஸ்லர் உண்மையிலேயே யோசித்து எடுத்த ஒரு முடிவை அது மறைத்துவிடுகிறது.

1842இல் விஸ்லர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தபோது அந்த நகரம் அறிந்த ரயில்பாதை ஒன்றுதான். 1837இல் திறக்கப்பட்ட ஸார்ஸ்கோயே ஸெலோ பாதை. அரண்மனைக்குப் போய்வரும் சின்னஞ்சிறு பாதை அது. அதன் கேஜ் ஆறடி. மாஸ்கோ வரை போடப்போகும் புதிய பாதையும் ஆறடியாகவே இருக்கட்டும் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். ஆறடிக்கு ஆகும் கூடுதல் செலவுக்கு ஏற்ற பலன் கிடையாது, ஐந்தடியே போதும் என்றார் விஸ்லர். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஐந்தடிப் பாதை அப்போதே ஓடிக்கொண்டிருந்தது. ஆக, அவர் கேஜை அகலப்படுத்தவில்லை, ஓர் அடி குறைத்தார்.

எதிரியைத் தடுப்பதுதான் நோக்கம் என்றால் இன்னொன்றையும் விளக்கியாக வேண்டும். அதே ஜார் முதலாம் நிக்கொலாயின் ஆட்சியில், அதே 1840களில், ரஷ்யப் பிடியிலிருந்த போலந்தில் வார்சா–வியன்னா பாதை போடப்பட்டது. அதன் கேஜ் ஐரோப்பாவின் 1435 மில்லிமீட்டர். எல்லையை ஒட்டிய பாதையைத் திறந்து வைத்துவிட்டு, நாட்டின் நடுவில் ஓடும் பாதைக்கு யாராவது பூட்டுப் போடுவார்களா?

ராணுவக் கணக்காகப் பார்த்தாலும் அது தப்புக் கணக்கு. ஐந்தடி என்பது 1524 மில்லிமீட்டர். வித்தியாசம் 89 மில்லிமீட்டர்தான். அகலமான பாதைக்குள் நுழையும் எதிரி ஒரு பக்கத்துத் தண்டவாளத்தைப் பெயர்த்து, அதே ஸ்லீப்பர் கட்டையில் உள்பக்கமாகத் தள்ளி அடித்துவிட்டால் போதும். 1941இல் ஜெர்மானியர்கள் அதைத்தான் செய்தார்கள். பாதை குறுகலாக இருந்திருந்தால், அவர்களுடைய அகலத்துக்குக் கட்டைகளின் நீளமே பற்றாமல் போயிருக்கும்.

பீரங்கி விஷயத்துக்கு வருகிறேன். விஸ்லர் பிறந்ததே ஒரு கோட்டையில்தான். 1800, ஃபோர்ட் வேய்ன். அப்பா ஜான் விஸ்லர் பிரிட்டிஷ் சிப்பாயாக அமெரிக்காவுக்கு வந்து, அமெரிக்க விடுதலைப் போரில் சரடோகாவில் சரணடைந்த பிரிட்டிஷ் படையில் இருந்தவர். பிறகு அமெரிக்க ராணுவத்திலேயே சேர்ந்து, இன்று சிகாகோ இருக்கும் இடத்தில் ஃபோர்ட் டியர்பார்னைக் கட்டினார். மகன் 1819இல் அமெரிக்க ராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயிண்டில் படிப்பை முடித்துப் பீரங்கிப்படையில் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். ஆனால் அவர் பீரங்கி வெடித்த கதை எதையும் தேடாதீர்கள். வெஸ்ட் பாயிண்டில் கொஞ்ச காலம் ஓவியம் கற்றுக்கொடுத்தார். பிறகு சுப்பீரியர் ஏரிக்கு மேற்கே, காடும் சதுப்பும் ஏரிகளுமாகக் கிடந்த பிரிட்டிஷ்–அமெரிக்க எல்லையை அளக்கும் குழுவோடு போய்விட்டார்.

அன்றைய அமெரிக்காவில் பொறியியலை முறையாகக் கற்றுக்கொள்ள ஏறக்குறைய வெஸ்ட் பாயிண்ட் ஒன்றுதான் இடம். அதன் தலைவர் சில்வேனஸ் தேயர் அதைப் பிரான்சின் எக்கோல் பாலிடெக்னிக் என்ற பொறியியல் கல்லூரியைப் பார்த்துச் சீரமைத்திருந்தார். கணிதம், வடிவியல், வரைபடம் எல்லாம் கண்டிப்பாகச் சொல்லித்தரப்பட்டன. 1824இல் வந்த ஒரு சட்டம், சாலைக்கும் கால்வாய்க்கும் சர்வே செய்ய ராணுவ அதிகாரிகளைப் பயன்படுத்த வழிவிட்டது. அந்த வழியாகத்தான் ரயில் கம்பெனிகளுக்கும் அதிகாரிகள் இரவலாகப் போனார்கள். 1828இல் பால்டிமோர் அண்ட் ஓஹியோ கம்பெனி விஸ்லரையும், பின்னாளில் அவருக்கு மைத்துனரான வில்லியம் கிப்ஸ் மெக்நீலையும், ஜோனதன் நைட்டையும் இங்கிலாந்துக்கு அனுப்பி ரயில்களைப் பார்த்துவரச் சொன்னது. 1833 முடிவில் விஸ்லர் ராணுவ வேலையை விட்டார். ஊரார் கடைசிவரை அவரை மேஜர் என்றே அழைத்தாலும், விலகும்போது அவர் முதல் லெப்டினன்ட்தான்.

பீரங்கிக்காரர் ஆனதால் ரயில்காரர் ஆனார் என்பதைவிட, நிலத்தை அளந்து அளந்து ரயில்காரர் ஆனார் என்பதே சரி. அதற்கு நான் காட்டும் சாட்சி ரஷ்யாவில் இல்லை, மாசசூசெட்ஸில் இருக்கிறது.

வூஸ்டரிலிருந்து ஆல்பனி நோக்கிப் போன வெஸ்டர்ன் ரயில்ரோட், நடுவில் பெர்க்‌ஷயர் மலைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. மலை குறுக்கிட்டால் அன்று பலர் கையாண்ட வழி, சரிவுக்கு மேலே எஞ்சினை நிலையாக நிறுத்திக் கயிறு கட்டிப் பெட்டிகளை இழுப்பது. பென்சில்வேனியாவில் 1834இல் திறந்த அலிகேனி போர்ட்டேஜ் பாதையில் அப்படிப் பத்துச் சரிவுகள். ஒவ்வொன்றிலும் வண்டியை அவிழ்த்து, கயிற்றில் பூட்டி, மேலே ஏற்றி, மறுபடி அவிழ்க்க வேண்டும். விஸ்லர் கயிறே வேண்டாம் என்று முடிவெடுத்தார். வெஸ்ட்ஃபீல்ட் ஆற்றின் மேற்குக் கிளையையே வழிகாட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஆறு வளைகிற இடத்தில் பாதை ஆற்றைத் தாண்டும், கொஞ்ச தூரத்தில் திரும்பவும் தாண்டும். நூறு அடி போனால் ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூடுதலான ஏற்றம். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் உள்ள பிடிமானத்தை மட்டும் நம்பி எஞ்சின் ஏறிவிடும் என்று கணக்குப் போட்டார். 1841இல் அது ஏறியது.

அங்கே அவர் எழுப்பிய கல் வளைவுப் பாலங்களைக் கவனியுங்கள். சாந்து கிடையாது. செதுக்கிய கல்லின் மேல் கல், வளைவின் உச்சியில் இரு பக்கத்தையும் பூட்டும் முடிக்கல். உயரமான வளைவு எழுபது அடி. கல்லின் கனமே கல்லைப் பிடித்து நிறுத்துகிறது. நீராவி எஞ்சின் குழந்தைப் பருவத்தில் இருந்தபோது கட்டிய அந்தப் பாலங்களில் சிலவற்றின் மேல் இன்றும் டீசல் எஞ்சின்கள் சரக்கு இழுத்துப் போகின்றன. விஸ்லரின் மொத்த வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். இத்தனைக்கும், அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் கேஜோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் ஓவியர் ஜேம்ஸ் விஸ்லரின் அப்பா என்கிறார்கள். மகன் தன் தாயை வரைந்த ஓவியத்தில் சாய்ந்தும் சாயாமலும் உட்கார்ந்திருக்கும் அன்னா இந்த விஸ்லரின் விதவை.

ரஷ்யா அவரைத் தேடி வந்ததற்கும் இந்த மலைப்பாதை ஒரு காரணம். மெல்னிகோவ், கிராஃப்ட் என்ற இரண்டு ரஷ்யப் பொறியாளர்கள் அமெரிக்கா வந்து பாதைகளைச் சுற்றிப் பார்த்துப் போயிருந்தார்கள். ஆண்டுக்கு 12,000 டாலர் சம்பளம் பேசி ஜார் அவரை அழைத்தார். சுமார் 650 கிலோமீட்டர் பாதை. போகிற வழியிலேயே ஒரு மகனைப் பறிகொடுத்த குடும்பம் அது. 1848இல் காலரா அவரைத் தாக்கியது, பழைய உடம்பு திரும்பவில்லை. 1849 ஏப்ரலில் இறந்தார். பாதை திறந்தது 1851இல்.

உங்கள் மூன்றாவது கேள்வியைச் சுற்றி வளைக்காமல் எதிர்கொள்கிறேன். ஆம், மண் வெட்டியவர்கள் பெரும்பாலும் பண்ணையடிமைகள். அவர்களை வேலைக்கு அனுப்ப ஒப்பந்தம் போட்டவர்கள் அவர்களுடைய எஜமானர்கள். சதுப்பு நிலத்தில், மண் குடிசைகளில் தங்கி வேலை செய்தவர்களில் பலர் நோயில் செத்தார்கள். ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிந்ததே 1861இல்தான். விஸ்லர் ஆலோசகர் மட்டுமே, ஆட்களை வைத்து வேலை வாங்கும் அதிகாரம் ஜாரின் அமைச்சர் க்ளைன்மிகேலின் இலாகாவுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும்தான் இருந்தது என்று சொல்லி அவரைக் காப்பாற்றலாம். நான் காப்பாற்ற மாட்டேன். கரை எவ்வளவு உயரம், எவ்வளவு மண் வெட்ட வேண்டும் என்று கணக்கிடத் தெரிந்தவருக்கு, அதை யார் எந்த நிலையில் வெட்டுகிறார்கள் என்பது தெரியாமல் இருந்திருக்காது. சம்பளத்தை வாங்கிக்கொண்டு அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே அவர் வேலை செய்தார். பெர்க்‌ஷயர் பாலங்களுக்காக அவரை மனதாரப் பாராட்டுகிறேன். பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ பாதைக்காக அவரைத் தனியே நிறுத்தி மாலை போட எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் பாதையில் விஸ்லரைவிட அதிகமாக உழைத்த பொறியாளர் மெல்னிகோவ். வடக்குப் பகுதி முழுவதும் அவர் பொறுப்பில் நடந்தது. பின்னாளில் ரஷ்யாவின் முதல் ரயில்வே அமைச்சரும் ஆனார். அவரைப் பற்றி அடுத்து எழுதுகிறேன்.

அன்புடன்.